மெக்சிகோ சிட்டியில் ஒரே ஒரு ஆட்டம்: அஸ்தேக்காவா, அரேனாவா, பல்கலைக்கழக மைதானமா?

"அண்ணா, மெக்சிகோ சிட்டியில் நாலு நாள் இருப்பேன். ஒரு மேட்ச் பார்க்கத்தான் நேரம் கிடைக்கும். அஸ்தேக்காதானே?" என்று முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். என்னால் உடனே ஆமாம் சொல்ல முடியவில்லை. வேலை நிமித்தமாக இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தேன். கிடைத்த சனி, ஞாயிறெல்லாம் ஏதாவதொரு மைதானத்தில்தான் போகும். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் வரும்.

முதலில் அஸ்தேக்கா. 1966 மே மாதம் திறக்கப்பட்ட கால்பந்து அரங்கம். 1970 உலகக் கோப்பை இறுதியில் பெலேயின் பிரேசில் இத்தாலியை 4-1 என்று வென்றது இங்கேதான். 1986-இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோலும், நான்கு நிமிடம் கழித்துப் பாதி மைதானத்தைத் தனியாளாகக் கடந்து இன்னொரு கோலும் போட்டதும் இங்கேதான். 2026-ஐயும் சேர்த்தால் மூன்று உலகக் கோப்பைகளுக்குத் தேர்வான முதல் அரங்கம் இது. 2025-இல் பனோர்த்தே வங்கியின் பெயரைச் சூட்டினார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் அஸ்தேக்காதான். பேரைக் கேட்டாலே சிலிர்க்கும், மறுக்கவில்லை.

ஆனால் சிலிர்ப்பு வேறு, ஆட்டம் பார்ப்பது வேறு. எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம். சாதாரண லீக் ஆட்டத்துக்குப் போனால் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். மேல் அடுக்கில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் தீக்குச்சி உயரம்தான் தெரிவார்கள். முதல் தடவை நான் போனது அப்படியொரு நடுவார ராத்திரி. இடைவேளையில் எழுந்து, 1970 அரையிறுதியின் நினைவாக வைத்த கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இத்தாலி 4, மேற்கு ஜெர்மனி 3. கூடுதல் நேரத்தில் மட்டும் ஐந்து கோல். அந்த ராத்திரி எனக்கு மிச்சமானது அந்தக் கல்வெட்டுதான், ஆட்டம் மறந்தே போனது. இந்த நகரத்தின் குளுப் அமெரிக்கா அணியும் குவாதலஹாரா நகரத்தின் சீவாஸ் அணியும் மோதும் 'கிளாசிக்கோ' கிடைத்தாலோ, தேசிய அணி ஆடினாலோ வேறு யோசனையே வேண்டாம், அஸ்தேக்காவுக்குப் போய்விடுங்கள். அரங்கம் நிரம்பினால்தான் அதன் உயரத்துக்கு அர்த்தம் வரும். இல்லையென்றால் என் ஓட்டு வேறு பக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரில் இருப்பவர்களுக்கு அரேனா மெக்சிகோ. இங்கே நடப்பது லூச்சா லிப்ரே, மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தம். 1933-இல் சல்வதோர் லுத்தேரோத் தொடங்கிய நிறுவனம் இன்றும் நடத்துகிறது. இப்போதிருக்கும் கட்டடம் 1956-இல் வந்தது. 1968 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைப் போட்டிகள் இதே கூரைக்குக் கீழேதான் நடந்தன. மெக்சிகோவுக்கு அதில் இரண்டு தங்கம், ரிகார்தோ தெல்காதோவும் அந்தோனியோ ரொல்தானும் வாங்கியவை.

"அதெல்லாம் நடிப்புதானே?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் வளையத்தின் மேல் கயிற்றில் ஏறி நின்று, வெளியே சிமெண்டுத் தரையில் நிற்பவன் மேல் பாய்கிறவனின் எலும்பு நிஜ எலும்பு. பல வருடப் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, உரிமம் வாங்கித்தான் தொழில்முறை லுச்சதோர் ஆக முடியும். மேடைக் கலையும் உடல் விளையாட்டும் கலந்த ஒன்று என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் போவது தெரியாது.

புதிதாக வருகிறவருக்கு இதைப்போல் எளிதான இடம் நகரத்திலேயே இல்லை. ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாவிட்டாலும், நேர்மையாக ஆடும் 'தெக்னிக்கோ' யார், நடுவர் முதுகைத் திருப்பியதும் கண்ணில் விரலை விடும் 'ரூதோ' யார் என்று இரண்டாவது நிமிடத்தில் புரிந்துவிடும். வழக்கமாக மூன்று சுற்று, இரண்டை வென்றவர் வெற்றி. எதிராளியின் முகமூடியைப் பிடுங்கினால் தகுதி நீக்கம். தலையைக் கீழாக்கித் தரையில் இறக்கும் 'மர்த்தினேத்தே'வுக்கும் தடை. இவ்வளவு தெரிந்தால் போதும். முகமூடியின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் எல் சாந்தோ என்ற புகழ்பெற்ற லூச்சா வீரரை நினைத்துக்கொள்ளுங்கள். 1984-இல் இறந்த அவரை வெள்ளி முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

நான் போன முதல் வெள்ளியன்று எனக்கு முன்னால் அப்பாவின் தோளில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். அவனுக்கு நீல முகமூடி பெரிதாகிப்போய், கண் ஓட்டை கன்னத்துக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரு கையால் அதைத் தூக்கிச் சரிசெய்வார், கண்ணை வளையத்திலிருந்து எடுக்காமல். பின்னால் ஒரு வயதான அம்மா, ரூதோக்களின் தீவிர ரசிகை. ரூதோ அடி வாங்கும்போதெல்லாம் நடுவரைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தைகளை எனக்கு மொழிபெயர்க்க என் பக்கத்து நண்பர் மறுத்துவிட்டார்.

கவனிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. டிக்கெட்டை அரங்கத்தின் கவுண்டரிலேயே வாங்குங்கள். உள்ளே இருக்கை காட்டும் ஆளுக்குச் சில்லறை கொடுப்பது வழக்கம், கையில் வைத்திருங்கள். பெரிய லென்ஸ் கேமரா எடுத்துப் போகாதீர்கள், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். போனுக்குத் தடை இல்லை. அரேனா இருப்பது தொக்தோரெஸ் பகுதியில். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தெருக்களில் வேடிக்கை பார்த்து நடக்காமல் கூட்டத்தோடு வெளியேறி வாடகை வண்டி பிடிப்பதுதான் நல்லது.

பேஸ்பால் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தியாப்லோஸ் ரோஹோஸ், அதாவது சிவப்புப் பிசாசுகள், நகரத்தின் அணி. 2019-இல் திறந்த அல்ஃப்ரெதோ ஆர்ப் எலூ மைதானம் அவர்களுடையது. பிசாசின் திரிசூலத்தை நினைவூட்டும் வெள்ளைக் கூரை, சுமார் இருபதாயிரம் இருக்கை. சீசன் ஏப்ரலில் தொடங்கும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆட்டத்தின் நிதானம் பிடிக்கும். நடுவே எழுந்து போய்ச் சாப்பிட்டு வரலாம், பெரிதாக எதையும் தவறவிட மாட்டீர்கள். சாப்பாடு என்றால் கொச்சினீத்தா தாக்கோ. கிச்சிலிச் சாற்றிலும் அச்சியோத்தே என்ற சிவப்பு மசாலாவிலும் ஊறி வெந்து நார்நாராகப் பிரியும் பன்றி இறைச்சி. அணி பழைய செகூரோ சொசியால் மைதானத்தில் ஆடிய காலத்திலிருந்தே பேஸ்பாலோடு ஒட்டிவிட்ட உணவு. அந்த மைதானம் இருந்த இடத்தில் இன்று ஒரு ஷாப்பிங் மால் நிற்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிது, அடித்த பந்து நிற்காமல் பறக்கும். 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் தியேகோ, சான் பிரான்சிஸ்கோ அணிகள் இங்கே வந்து ஆடின. முதல் ஆட்டம் 16-11 என்று முடிந்தது. இரண்டு அணியும் சேர்ந்து அடித்த ஹோம் ரன், அதாவது நம்ம சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி, மொத்தம் 11. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். தனியாகப் போகிறவருக்கு, மெக்சிகோவுக்கு வந்ததற்கு இது போதுமா என்று தோன்றலாம். நகரத்தின் அஸ்கபொத்சால்கோ பகுதியில் உள்ள பெரிய உள்ளரங்கில் கூடைப்பந்தும் நடக்கிறது. நல்ல அரங்கம்தான், ஆனால் அமெரிக்காவில் பார்ப்பதற்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

இனி என் மனசுக்கு நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி, பல்கலைக்கழக ஒலிம்பிக் மைதானம், பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியான பூமாஸின் ஆட்டம்.

மெட்ரோ மூன்றாம் தடத்தில் கொப்பில்கோ நிலையத்தில் இறங்குங்கள். கட்டணம் 5 பெசோ. அங்கிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்தே போகலாம், அரை மணி நேரம் ஆகும். ஹுவான் ஓகோர்மன் வண்ணக் கற்களைப் பதித்து நான்கு பக்கச் சுவரையும் மூடிய நூலகக் கட்டடம் வழியில் வரும். இந்த வளாகத்தை 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டிக்கெட் இல்லாத சுற்றுலாவே இதில் ஒன்று முடிந்துவிடும். இன்சுர்ஹெந்தெஸ் சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையைத் தாண்டினால் எதிரே மைதானம்.

மைதானம் என்கிறேனே தவிர, தூரத்திலிருந்து பார்த்தால் புல் முளைத்த குன்று மாதிரிதான் இருக்கும். அந்த வட்டாரம் முழுக்க ஷித்லே எரிமலை கக்கிய குழம்பு உறைந்த கருங்கல் நிலம். நடுவே தோண்டி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாக எழுப்பி, அந்தக் கரைக்கு எரிமலைக் கல்லைப் போர்த்தி 1952-இல் கட்டி முடித்தார்கள். முகப்பில் மெக்சிகோவின் பெரிய ஓவியர் தியேகோ ரிவேரா செய்த புடைப்புச் சித்திரம். சாயம் பூசவில்லை, இயற்கையிலேயே நிறமுள்ள கற்கள். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை, அமைதிப் புறா, அடியில் இறகு முளைத்த பாம்பு. மைதானத்தைச் சுற்றி முழுவதும் செய்ய நினைத்தார். முகப்பு மட்டுமே முடிந்தது.

உள்ளே போனதும் 1968 ஒலிம்பிக் சுடர்க் கொப்பரையைத் தேடுங்கள், இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஒலிம்பிக் வரலாற்றில் அந்தச் சுடரை ஏற்றிய முதல் பெண், என்ரிக்கேத்தா பசீலியோ, ஏற்றியது இந்தக் கொப்பரையில்தான். நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதும், அமெரிக்க ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறிக்கு எதிராகக் கறுப்புக் கையுறையோடு முஷ்டியை உயர்த்தியதும் இதே தரையில். அஸ்தேக்காவில் வரலாறு கல்வெட்டில் இருக்கிறது. இங்கே நீங்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

உட்காரும் இடம் பல பகுதிகளில் சாய்மானம் இல்லாத சிமெண்டுப் படிதான். வெயிலில் சுடும். என் பக்கத்தில் இருந்த தாத்தா தன் செய்தித்தாளில் பாதியைக் கிழித்து, ஒன்றும் சொல்லாமல் எனக்கு விரித்துக் கொடுத்தார். நெஞ்சில் பெரிய பூமா முகம் போட்ட, வெளுத்துப்போன சட்டை, கூடவே பேத்தி. ஆட்டம் தொடங்கும் முன் கூட்டம் எழுந்து "கோயா!" என்று முழங்கியது. அது பல்கலைக்கழகத்தின் வாழ்த்தொலி. எனக்குத் தெரியவில்லை என்று பார்த்ததும் தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். கச்சூன், கச்சூன், ரா, ரா. கடைசியில் "உனிவெர்சிதாத்!" இரண்டாம் பாதியில் பூமாஸ் கோல் போட்டபோது எனக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஐந்து முறை ஸ்பெயின் லீக்கில் அதிக கோல் அடித்த ஹூகோ சான்செஸ் இந்த அணியில் ஆடிக்கொண்டே இங்கே பல் மருத்துவம் படித்தார் என்பதைப் பேத்தி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை, தன் வீட்டு அண்ணனைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.

இங்கே வசதி குறைவு என்பதை மறைக்க மாட்டேன். கூரை இல்லை. அந்த உயரத்தில் வெயில் நம்ம ஊர் வெயிலைப்போல் வியர்க்க வைக்காது, தோலை நேராகப் பொசுக்கும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் போய் மூக்குத் தோல் உரிந்து வந்தவன் நான். மழை மாதங்களில் மாலை ஆட்டம் என்றால் மழைக்கோட்டு வேண்டும். குடையை உள்ளே விட மாட்டார்கள். எதிரணியின் நிறம் வேண்டாம், குறிப்பாக அமெரிக்கா அணியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கே வராதீர்கள்.

கால்பந்துக்குப் போகிற எல்லோருக்கும் இரண்டு மூன்று செய்தி. 2022 மார்ச்சில் கெரேத்தாரோ மைதானத்தில் ரசிகர்களுக்குள் நடந்த கொடூரமான அடிதடிக்குப் பிறகு, லீக் 'ஃபேன் ஐடி' என்ற பதிவு முறையைக் கொண்டு வந்தது. டிக்கெட் வாங்கும்போதே அதைக் கேட்கிறார்களா என்று பாருங்கள், பாஸ்போர்ட் விவரம் கையில் இருக்கட்டும். வாசல் சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு மைதானத்தில் நல்ல தோல் பெல்ட் ஒன்றைக் குவியலில் போட்டுவிட்டுப் போனேன், திரும்ப வந்தபோது குவியலே இல்லை. பெல்ட் இல்லாமலே போங்கள். தெருவில் கூவி விற்பவரிடம் டிக்கெட் வாங்க வேண்டாம், போலி நிறையச் சுற்றுகிறது.

இன்னொன்று. எதிரணி கோல்கீப்பர் பந்தை உதைக்கும்போது சிலர் சேர்ந்து கத்தும் ஒரு சொல் உண்டு. ஒருபாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல் அது. அதற்காக மெக்சிகோ கால்பந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா பலமுறை அபராதம் போட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாலும் சேர்ந்துகொள்ளாதீர்கள். அந்தக் கூச்சலை வெறுக்கும் மெக்சிகோக்காரர்கள் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். கிளாசிக்கோவோ தேசிய அணியோ இருந்தால் அஸ்தேக்கா. குழந்தைகள் கூட வந்தால் பேஸ்பால். அவர் வியாழன் இறங்கி ஞாயிறு ராத்திரி கிளம்புகிறார். அப்படியானால் ஒரே ஆட்டம் என்ற கணக்கையே விட்டுவிடலாம், வெள்ளி ராத்திரி அரேனாவும் ஞாயிறு பகல் பூமாஸும் ஒன்றோடொன்று மோதாது. இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் ஞாயிறுதான். பத்தரை மணிக்கெல்லாம் கொப்பில்கோவில் இறங்கிவிட வேண்டும், கையில் ஒரு பழைய செய்தித்தாளோடு.