வெக்டர் கோப்பைப் பூட்டி அனுப்புவது: பல வருடப் பயன்பாட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை

லோகோ, கல்யாணப் பத்திரிகை, கடைக்கான ஸ்டிக்கர் என்று வெக்டர் வேலைதான் (புள்ளிப் படமாக இல்லாமல் கோடும் வடிவமுமாக வரைவது) என் தொழில். முடித்த டிசைனை இன்னொருவர் திறந்து மாற்றிவிடாமல் அனுப்ப என்னென்ன வழி உண்டோ, அத்தனையையும் வருடக்கணக்கில் பயன்படுத்தி வருகிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் போவது பிடிஎஃப் கடவுச்சொல்லுக்குத்தான். அதில் இரண்டு வகை. ஒன்று, கோப்பைத் திறக்கவே கேட்பது. இன்னொன்று, பார்க்க விட்டு, திருத்துவதை மட்டும் தடுப்பது. நமக்குத் தேவை இரண்டாவது. வெக்டர் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தால் அது கடவுச்சொல் கேட்கும்; அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவோம். ஆனால் திறப்பதற்குக் கடவுச்சொல் இல்லாத கோப்பில், படிப்பதற்கான சாவி ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. திருத்தாதே என்பது, திறக்கும் மென்பொருளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. கியூபிடிஎஃப் போன்ற இலவசக் கருவி அந்தத் தடையை ஒரே கட்டளையில் நீக்கிவிடும். ஏஇஎஸ் 256 பிட் என்ற வலுவான குறியாக்கம் போட்டாலும் இதில் மாற்றமில்லை. விவரம் தெரியாதவர் கை வைக்காமல் இருக்க இது உதவும். அச்சக டிசைனரைத் தடுக்காது. லேயரை (டிசைனின் அடுக்கை) லாக் செய்து அனுப்புவது அதைவிடப் பலவீனம், ஓரிரு கிளிக்கில் திறந்துகொள்ளும்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது, எடிட்டிங் வசதியைப் பாதுகாக்கும் டிக் ஒன்று இருக்கும். அது இருந்தால் உங்கள் மூலக் கோப்பே பிடிஎஃபுக்குள் ஒளிந்து போகிறது. வெளியே அனுப்பும் பிரதியில் அதை எடுத்துவிடுங்கள். கோப்பின் அளவும் குறையும்.

நான் ஒருபோதும் விடாத பழக்கம் கர்வ் பண்ணுவது, அதாவது எழுத்தை வடிவக் கோடாக மாற்றுவது. இன்னொரு வெக்டர் மென்பொருளான கோரல் டிராவில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. எழுத்து வெறும் வடிவமாகிவிடுவதால், பத்திரிகையில் யாரும் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து மாற்ற முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த வேலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிற தொல்லையும் இல்லை. லோகோவாக இருந்தால் கோடுகளின் தடிமனையும் வடிவமாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவற்றை வெல்ட் செய்து ஒரே வடிவமாக்கிவிடுவேன். நிறத்தை அப்போதும் மாற்றலாம். ஆனால் வடிவத்தைத் திருத்த நினைப்பவர் புதிதாக வரைவதே சுலபம் என்று விட்டுவிடுவார்.

வெக்டரே இல்லாமல் படமாக்கி அனுப்புவதுதான் நிஜமான தடுப்பு. அதற்கு உரிய இடம், வாடிக்கையாளர் சரிபார்க்க மாதிரி அனுப்பும் புரூஃப் கட்டம். ஏ4 அளவுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல். 72 டிபிஐ என்றால் 595க்கு 842 மட்டுமே. வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொல்ல இந்தச் சின்னது போதும், அச்சடிக்கப் போதாது. பத்திரிகையின் பொடி எழுத்துகளை இதிலிருந்து டிரேஸ் செய்தால் (படத்தை மறுபடி வெக்டராக்கினால்) சுழியும் புள்ளியும் சிதைந்து வரும். ஆனால் இரண்டு மூன்று தட்டை நிறங்கள் கொண்ட லோகோ, சின்னப் படத்திலிருந்தும் ஓரளவு நன்றாகவே டிரேஸ் ஆகிவிடும். அதனால் லோகோ புரூஃபில் வாட்டர்மார்க்கை ஓரத்தில் வைக்காமல் வடிவத்தின் குறுக்கே போடுங்கள்.

அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பையும் பாதுகாப்புக்காக ஜேபெக் ஆக்கித் தரச் சொல்பவர்கள் உண்டு. நிறத்துக்கு ஒரு தகடு வைத்து அச்சடிக்கும் ஆஃப்செட் வேலைக்கு இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கறுப்புத் தகட்டில் மட்டும் விழவேண்டிய எழுத்து, ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை) வழியாகப் போய்த் திரும்பும்போது நான்கு தகடுகளிலும் பரவிவிடும். ரிஜிஸ்டர், அதாவது தகடுகள் ஒன்றோடொன்று பொருந்துவது, இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். தங்க ஃபாயிலுக்கோ தனி நிறத்துக்கோ பிரித்தெடுக்கவும் வழியில்லை. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய தரத்தை நம் பயத்துக்காகக் குறைப்பது நியாயமாகப் படவில்லை. ஸ்டிக்கரை வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டருக்கோ வெட்டும் பாதைக்கு வெக்டர் இருந்தே ஆகவேண்டும். இணையதளத்துக்குக் கேட்கும் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு வெறும் உரைக்கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். அங்கெல்லாம் தொழில்நுட்பப் பூட்டு என்று ஒன்று கிடையாது.

அதனால் இப்போது என் முறை இது: புரூஃப் சின்னப் படமாக, வாட்டர்மார்க்கோடு. முழுப் பணம் வந்ததும் கர்வ் செய்த பிடிஎஃப். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் கொட்டேஷனிலேயே எழுதி. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அந்த மாற்றம் செல்லும். எதை எங்கே பயன்படுத்தலாம், யார் திருத்தலாம் என்று நாலு வரி எழுதி, வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்கிறோம். தேதியோடு சேமித்த மூலக் கோப்பையும், வாடிக்கையாளர் ஓகே சொன்ன புரூஃபையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். அச்சில் ஏதாவது மாறி வந்தால், கை வைத்தது எந்தக் கட்டத்தில் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடலாம்.