"போர்டு போச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்: 14,700 ரூபாய் பில்லும் ஆறு சிமிட்டலும்

ஒரு கல்லூரி மாணவியின் டெல் லேப்டாப். பவர் பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கிறது. விளக்கு மட்டும் ஆரஞ்சில் 2 முறை, வெள்ளையில் 4 முறை சிமிட்டி, கொஞ்சம் நின்று, மறுபடி அதையே செய்கிறது. கடையில் கொடுத்த மூன்றாம் நாள் "மதர்போர்டு ஷார்ட்" என்று போன். பில்லில் புது போர்டு 11,500, எட்டு ஜிபி ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 2,400, சர்வீஸ் 800. பழைய ராமைக் கவரில் போட்டுத் தந்துவிட்டார்கள். பழைய போர்டைக் கேட்டால் "கம்பெனிக்குப் போயிடுச்சு".

கொடுப்பதற்கு முன் அந்தச் சிமிட்டலை அவர் செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்தது அதனால்தான்.

டெல் லேப்டாப்களில் பரவலாக உள்ள கணக்குப்படி ஆரஞ்சு 2, வெள்ளை 4 என்றால் ராம் பழுது. 2-3 என்றால் ராமே தென்படவில்லை, 2-5 என்றால் பொருந்தாத ராம். போர்டு அல்லது பயாஸ் சிப் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் சிப்) போயிருந்தால் 2-2, போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்செட் என்றால் 2-6. மீதியில் 2-1 ப்ராசஸர், 2-7 திரை, 3-1 போர்டில் உள்ள காசு வடிவ காயின் பேட்டரி. சில மாடல்களில் மாறும், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

2-4 வந்தும் கோளாறு போர்டில் ராம் செருகும் ஸ்லாட்டில் இருக்கலாம், அதை மறுக்க முடியாது. நல்ல ராம் ஒன்றை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே கவரில் வந்த பழைய ராமை, அதே வகை ராம் போடும் வேறொரு டெல் லேப்டாப்பில் போட்டதும் அங்கேயும் அதே 2-4. ராம் 2,400, கூலி 800, அதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

போர்டாவது புதிதா என்றால் அதுவும் இல்லை. டெல்லில் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் உள்ள தனி எண்ணான சர்வீஸ் டேக் போர்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். F2 தட்டி பயாஸுக்குள் போய், அங்கே உள்ள டேக்கை லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். புது மாற்றுப் போர்டில் டேக் காலியாக வரும், மெக்கானிக்தான் பழைய எண்ணைப் பதிய வேண்டும். இந்த லேப்டாப்பில் இருந்ததோ முற்றிலும் வேறு எண். எதிலிருந்தோ கழற்றிய போர்டுக்குப் புது விலை.

இதைவிடப் பெரிய தலைவலி அடுத்தது. போர்டு மாறியதும் விண்டோஸ், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கருக்கான 48 இலக்கச் சாவியைக் கேட்டது. பூட்டு போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது, போர்டு மாறினால் சாவி இல்லாமல் திறக்காது. கடைக்காரர் சொன்ன வழி, "ஃபார்மட் அடிச்சிடலாம்மா". ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பித்தது. உங்கள் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

ராம் என்று குறி காட்டினால் வீட்டிலேயே பார்க்கலாம், அது போர்டில் நிரந்தரமாகப் பற்றவைத்த ராமாக இல்லாதவரை. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. இதை மறந்து ராமைப் பிடுங்கினால் நிஜமாகவே போர்டு போகலாம். இரு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் ராம் சாய்வாக எழும். தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, அதே சாய்வில் முழுக்கச் செருகி, கிளிக் என்று சத்தம் வரும்வரை கீழே அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் விளக்குக்குப் பதில் பீப் சத்தம். "பீப் வந்தாலே போர்டு அவுட்" என்பது சுத்தப் புளுகு. பழைய அவார்ட், ஏஎம்ஐ என்ற பயாஸ் வகைகளின் பீப் வர வேண்டுமென்றால் ப்ராசஸர் பயாஸ் சிப்பைப் படித்து ஓட வேண்டும். போர்டில் பெரும்பகுதி உயிரோடு இருப்பதற்கே அது சாட்சி. ஆனால் ஒரே சத்தத்துக்கு எல்லாப் போர்டிலும் ஒரே அர்த்தம் கிடையாது. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் அவார்ட் பயாஸில் கிராஃபிக்ஸ் கோளாறு, ஆசுஸ் போர்டில் ராம் தென்படவில்லை. ஆசுஸில் கிராஃபிக்ஸுக்கு ஒரு நீளம், மூன்று குட்டை. இந்தக் குழப்பத்தில், ரப்பரால் தேய்த்தால் போகிற கோளாறுக்குக் கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டே விற்றுவிடலாம். சத்தமே வரவில்லையென்றால் கேபினெட்டில் பீப் எழுப்பும் பஸ்ஸரே இல்லாமலிருக்கலாம், வாங்கிப் போட நூறு ரூபாய்கூட ஆகாது. இன்றைய போர்டுகள் பலவற்றில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் புதிதாகப் போட்ட முதல் முறை மட்டும் டிராம் விளக்கு சில நிமிடம் எரிந்துகொண்டே இருக்கலாம். அது ராமைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பதறி ஆஃப் செய்யாதீர்கள்.

கடையில் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் "ஆன் ஆகவில்லை" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "ஆரஞ்சு 2, வெள்ளை 4" என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள், சர்வீஸ் டேக்கையும் சேர்த்து. மாற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் பழையது திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். போர்டுதான் என்று அடித்துச் சொன்னால், "நல்ல ராம் போட்டும் அதே குறிதான் வருதான்னு காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். உண்மையிலேயே சோதித்தவருக்கு அதைக் காட்ட இரண்டு நிமிடம் போதும்.

பணம் கொடுத்தாகிவிட்டதென்றால் பில், வீடியோ, பயாஸில் தெரியும் டேக், அடி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடையில் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லில் "புது போர்டு" என்ற எழுத்தும் திரையில் வேறொரு டேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கடைக்காரரால் அதற்கு விளக்கம் சொல்வது கஷ்டம்.