அம்மாவின் வீணை வகுப்பும் ஒரு பழைய போனும்: சொந்த சர்வரில் நேரலை, ஒன்றரை ஆண்டு அனுபவம்

ஸ்ரீரங்கத்தில் அம்மா சனிக்கிழமை காலை 7 மணிக்கு வீணை வகுப்பு எடுக்கிறார். அக்கா இருப்பது டொரண்டோவில். அங்கே அப்போது வெள்ளி இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து கேட்க ஏற்ற நேரம். "அம்மா வகுப்பை அப்படியே எனக்குக் காட்ட முடியுமாடா?" என்று அவள் கேட்டாள். 2024 விஜயதசமியும் சனிக்கிழமையில் வந்தது. அன்றுதான் முதல் நேரலை.

வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். அவர்கள் முகம் பொதுத் தளத்தில் வருவதைப் பெற்றோர் விரும்பவில்லை, எனக்கும் அதில் சம்மதமில்லை. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று சும்மா கிடந்தது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினால் ஒளிபரப்பு போக வேண்டும், அம்மாவுக்கு அதற்கு மேல் வேலை இருக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

நேரலைக்கான மூன்று மென்பொருள்களைப் பார்த்தேன். விடிஓ நிஞ்சாவில் சர்வரே தேவையில்லை. ஆனால் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் போன் தனித்தனியாக வீடியோ அனுப்ப வேண்டும். ஆறு பேர் பார்த்தால் வீட்டு இணையத்தின் அப்லோடு ஆறு மடங்கு போகும். ஓன்காஸ்ட் நல்ல மென்பொருள், அரட்டை வசதியும் உண்டு. ஆனால் போனில் தனிச் செயலி வேண்டும், படமும் பல விநாடி தாமதமாகத்தான் வரும். கடைசியில் மீடியாஎம்டிஎக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே கோப்பு, இயக்கினால் ஓடும். வெப்ஆர்டிசி (பிரவுசரிலிருந்தே படமும் ஒலியும் உடனுக்குடன் அனுப்பும் முறை) வழியாக ஒரு முறை வாங்கி, பார்ப்பவர் அனைவருக்கும் பிரித்துக் கொடுக்கும். தாமதம் ஒரு விநாடிக்குள்.

முதலில் வீட்டிலேயே ராஸ்ப்பெரி பை என்ற கையளவுக் கணினியில் ஓட்டலாம் என்று நினைத்தேன். ரவுட்டருக்குக் கிடைத்திருந்த முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தது. அது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்கென ஒதுக்கிய வரிசை. வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கணினிக்குத் திருப்பும் ரவுட்டர் அமைப்பு) செய்தும் பயனில்லை. வேலையைத் தொடங்குமுன் உங்கள் ரவுட்டர் பக்கத்தில் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் 1 ஜிபி ராம் உள்ள சிறிய வாடகை சர்வருக்கு மாறினேன். வீடியோவை மாற்றி எழுதும் வேலை எதுவும் இல்லை, வாங்கிக் கொடுப்பது மட்டும்தான், அதனால் அது தாராளமாகப் போதும்.

எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் கேமராவைத் திறந்துவிடாது. அதனால் மீடியாஎம்டிஎக்ஸுக்கு முன்னால் கேடி என்ற இணைய சர்வர் மென்பொருளை வைத்தேன், எச்டிடிபிஎஸுக்கான சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்கிறது. இந்த ஒன்றரை ஆண்டில் அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்புறம் இரண்டு இரவு கறுப்புத் திரை. பக்கம் திறக்கிறது, போனில் கேமரா ஓடுகிறது, பார்ப்பவருக்கு மட்டும் படம் இல்லை. பக்கம் வருவது 443 என்ற போர்ட்டில் (சர்வரின் நுழைவாயில் எண்), படம் வருவது யூடிபி 8189 என்ற வேறொரு போர்ட்டில். ஃபயர்வாலில் முதலாவதை மட்டும்தான் திறந்திருந்தேன். சர்வரின் பொது முகவரியையும் அமைப்புக் கோப்பில் தனியாக எழுத வேண்டியிருந்தது. அதைச் செய்ததும் படம் வந்துவிட்டது.

முதல் நேரலை முடிந்ததும் அக்கா கேட்டாள்: "அம்மா ஏண்டா சுருதிப் பெட்டியைப் போடவே இல்லை?"

அம்மா போட்டிருந்தார். ஒரு மணி நேரமும் அது பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. பிரவுசர் தானாகவே இரைச்சல் நீக்கத்தை இயக்கிவிடுகிறது. அது பேச்சுக்காக உருவானது, ஒரே சீராக ஒலிப்பதை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். சுருதியைவிடச் சீராக ஒலிப்பது வேறென்ன? தந்தியை மீட்டிய பின் நீளும் கார்வையும் பாதியில் அறுந்துபோனது. தானியங்கி ஒலிச்சமன் வேறு, மெல்லிய மீட்டையும் அழுத்தமான மீட்டையும் ஒரே அளவாக்கிவிட்டது. கற்றுக்கொடுக்கும் இடத்தில் இது மிகப் பெரிய குறை.

அதனால் ஒளிபரப்புப் பக்கத்தை நானே எழுதினேன். நூறு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட இல்லை. இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலிச்சமன் மூன்றையும் அணைத்தேன். ஓப்பஸ் என்ற முறையில் சுருக்கி அனுப்பும் ஒலியின் அளவைப் பேச்சுக்கு உரியதிலிருந்து 128 கேபிபிஎஸுக்கு உயர்த்தினேன். இசைக்காக யார் இதைச் செய்தாலும் முதலில் இந்த மூன்றையும் அணையுங்கள், மற்ற எல்லாம் பிறகு. ஒரு விலையும் உண்டு: மின்விசிறிச் சத்தமும் உள்ளே வந்துவிடும். திருச்சி மே மாதத்தில் விசிறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை வீணையின் குடத்துக்கு இரண்டடி தூரத்தில், காற்று நேராகப் படாத மூலையில் தாழ்வாக வைத்தோம். இப்போது விசிறி கேட்கிறது, ஆனால் தொந்தரவு இல்லை.

சில வாரம் கழித்து வகுப்பின் நடுவில் அக்காவிடமிருந்து செய்தி: "பஞ்சமம் இறங்கியிருக்கு." அம்மா தந்தியை மீட்டிப் பார்த்தார். பிருடையைக் கொஞ்சம் திருகினார். "அவளுக்கு அங்கே கேட்கிறதா!" என்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் சென்னையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு இரவும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நாள்பட்ட பயன்பாட்டில் சோதித்தது போன்தான். எப்போதும் சார்ஜரில் மாட்டியே இருந்ததால் பத்தாவது மாதத்தில் பின்மூடி லேசாகத் தூக்கியது, பேட்டரி உப்பியிருந்தது. அன்றே நிறுத்தி பேட்டரியை மாற்றினோம். இப்போது வகுப்பு நேரத்தில் மட்டும் சார்ஜரில் இருக்கும். அழைப்பு வந்தால் மைக் பறிபோகும் என்பதால் சிம் கார்டு கிடையாது, வைஃபை மட்டும். திரை அணைந்தால் கேமரா நின்றுவிடும் என்பதால், திரையை விழித்திருக்க வைக்கும் வசதியையும் பக்கத்தில் சேர்த்தேன். மின்வெட்டுக்கு ரவுட்டரில் ஒரு சிறிய யூபிஎஸ். இணைப்பு அறுந்தால் 3 விநாடியில் தானாக மீண்டும் இணையும்படி எழுதிய பிறகுதான் அம்மா என்னைக் கூப்பிடுவது நின்றது.

பதிவு விஷயத்தில் ஒரு இழப்பு. மீடியாஎம்டிஎக்ஸ் இயல்பாகப் பதிவுகளை ஒரு நாளில் அழித்துவிடும், ஆவணத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் அதைப் படிக்காமல் விட்டதால் முதல் வகுப்பின் பதிவு எங்களிடம் இல்லை. விஜயதசமியன்று புதுக் குழந்தை ஒன்று முதன்முதலாகத் தந்தியைத் தொட்ட வகுப்பு அது. இன்றும் வருத்தம்தான்.

படம் 720பி, 1.5 எம்பிபிஎஸ். பார்ப்பவர் ஒருவருக்கு மணிக்கு சுமார் 675 எம்பி, ஆறு பேருக்கு நான்கு ஜிபி. சர்வர் வாடகை மாதம் 450 ரூபாய். பார்க்கவும் ஒளிபரப்பவும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டு. தீராத குறை ஒன்று: யாருடைய இணையம் மெதுவானாலும் அவருக்கு மட்டும் தரத்தைக் குறைத்துக் கொடுக்க இந்த அமைப்பால் முடியாது. கிராமத்தில் மொபைல் டேட்டாவில் பார்க்கும் பெரியம்மாவுக்குப் படம் அடிக்கடி உறைகிறது. அவருக்கு ஒலி மட்டும் போகும் தனி இணைப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா வேறொன்று கேட்டிருக்கிறார்: வீணைத் தண்டியில் விரல் வைக்கும் இருபத்து நான்கு மெட்டும் தெரியும்படி இடது கைக்கு மட்டும் இன்னொரு போன்.