மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனா? ஆன்டிபயாட்டிக் ஊசியை எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் யாருக்காவது மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

எங்கள் அப்பச்சிக்குக் கட்டியை எடுத்ததில் குறை சொல்ல மாட்டேன். கோபமெல்லாம் மருந்து வியாபாரத்தின் மேல்தான். "புண் சீழ் பிடிக்காம இருக்க" என்று தினம் மூன்று வேளை மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி. உள்ளே இருக்கும் மெடிக்கலில்தான் வாங்க வேண்டும், வெளியே வாங்கினால் சிஸ்டர் தொடமாட்டார். காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் கோளாறு இல்லை. ஆனாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஏறியது. "கேட்டதைக் குடுத்துருப்பா, காசா பெருசு?" என்றார்கள் ஆத்தா. சீர் சாமானைச் சிட்டை போட்டு வரி வரியாக எழுதும் ஊர் நம் ஊர். ஆஸ்பத்திரி பில் என்றால் மட்டும் வாய் எழுவதில்லை.

இத்தனைக்கும் அப்புறம் தையல் ஓரத்தில் சீழ் வைத்தது.

மதுரையில் வேறொரு சர்ஜனிடம் கேஸ் ஷீட்டைக் காட்டினோம். பில்லைத் தள்ளி வைத்துவிட்டு மயக்க மருந்துத் தாளை எடுத்தார். கத்தி வைத்தது காலை 9.40. முதல் ஆன்டிபயாட்டிக், வார்டுக்கு வந்த பிறகு மதியம் 2 மணிக்கு. "முன்னாடி போட வேண்டியதைப் போடலை, பின்னாடி வேண்டாததைப் போட்டிருக்காங்க" என்றார்.

மலக்குடல் கிருமி நிறைந்த இடம். வெட்டும்போதே மருந்து திசுவில் இருந்தால்தான் பலன். வெட்டுக்கு முன் 120 நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும், ஆபரேஷன் முடிந்தபின் தடுப்புக்காக நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. குடலைச் சுத்தம் செய்யும்போது ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. அப்பச்சிக்குக் கிடைத்தது பேதி மருந்து மட்டும். பெரும்பாலும் செஃபாசோலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக் ஊசிகளே போதும்; ஆபரேஷன் நீண்டால் செஃபாசோலினை 4 மணி நேரத்தில் மறுபடி போடுவார்கள். தொற்றே வந்துவிட்டால் நாள்கணக்கில் மருந்து வேண்டும், அது வேறு கதை.

ஊசி நேரமெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது. முழு கேஸ் ஷீட்டையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. எங்களிடம் "சார் ஊர்ல இல்லை" என்று இழுத்தார்கள். விதியைக் குறிப்பிட்டு மனு கொடுத்த மறுநாளே நகல் வந்துவிட்டது. உடைக்காத மெரோபெனம் பாட்டில்களைத்தான் இன்னும் திருப்பி எடுக்கவில்லை.