எல்டர்பெர்ரியா, காட்டு ரோஜாக் காயா, சுக்கா? இங்கிலாந்துக் குளிருக்கு எது கைகொடுக்கும்?

செப்டம்பர் பிறந்ததும் நாங்கள் இருக்கும் இங்கிலாந்துச் சிற்றூரில் வயலோர உயிர்வேலிகள் காய்த்துக் குலுங்கும். எல்டர் மரத்தில் மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தலைகவிழ்ந்து தொங்கும். காட்டு ரோஜாவில் பூ உதிர்ந்த இடமெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாகக் காய். பக்கத்திலேயே ஹாதார்ன், ஸ்லோ என்னும் முட்செடிகளின் பழங்கள். புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இதுதான்: "அக்கா, குளிர்காலத்துக்கு இதில எதைப் பறிச்சு வைக்கலாம்? இல்ல, ஊர்ல இருந்து கொண்டுவந்த சுக்கே போதுமா?"

பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லாவற்றையும் காய்ச்சிப் பார்த்தவள் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். ஒரே ஒரு பழத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் காட்டு ரோஜாக் காய். ஒரே ஒரு காரப்பொருள் என்றால் சுக்கு. பழம் சத்துக்கு, சுக்கு சூட்டுக்கு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

முதலில் எல்டர்பெர்ரி. இன்று மருந்துக்கடை அலமாரியில் சளிக்கும் காய்ச்சலுக்கும் என்று பேர்பெற்ற பழச்சாறு இது. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. நார்வேயில் ஃப்ளூ கண்ட 60 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், எல்டர்பெர்ரி குடித்தவர்களுக்கு மற்றவர்களைவிட நான்கு நாள் முன்னதாகவே தொல்லை தணிந்தது. ஆனால் 2020இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 87 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது எந்தப் பலனும் தெரியவில்லை. இரண்டும் சிறிய ஆய்வுகள்தாம். எனவே எல்டர்பெர்ரி ஃப்ளூவை விரட்டும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. சமைக்காத எல்டர்பெர்ரியிலும், அதன் இலை, காம்பு, விதையிலும் வயிற்றுக்குள் போய் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. 1983இல் கலிஃபோர்னியாவில் அதன் உறவுச் செடியின் பழத்தை இலை, காம்போடு பச்சையாகப் பிழிந்து குடித்த கூட்டத்தில் எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. காம்பை முழுக்க நீக்கி, அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டினால் பயமில்லை. ஆனால் பூங்காவில் பிள்ளைகள் பறித்து வாயில் போடுவதை நான் கண்டிருக்கிறேன். திராட்சை மாதிரி இருக்கும் பழம் அல்லவா? உங்கள் பிள்ளைகளிடம் இதைத் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடல்வழியை அடைத்தபோது பிரிட்டனுக்கு ஆரஞ்சு வருவது ஏறக்குறைய நின்றுபோனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சிக்கு என்ன செய்வது? அரசு உயிர்வேலியைத் திரும்பிப் பார்த்தது. பள்ளிப் பிள்ளைகளும் சாரணர்களும் மாதர் சங்கத்தினரும் பையோடு கிளம்பி 1941இல் மட்டும் சுமார் 200 டன் காட்டு ரோஜாக் காய் பறித்துக் கொடுத்தார்கள். அது பாகாகிப் புட்டிகளில் குழந்தைகளுக்குப் போனது. ஒரு நாடு தன் வேலியோரத்துக் காயை நம்பிப் பிள்ளைகளை வளர்த்த இந்தக் கதையைக் கேட்டபிறகுதான் நான் இதைப் பறிக்கவே தொடங்கினேன்.

நம்பியதில் தவறில்லை. நூறு கிராம் காயில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும்; ஆரஞ்சில் 50 சொச்சம்தான். நம் பெருநெல்லியின் இடத்தில் இங்கே நிற்பது இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மிகைப்படுத்தவும் கூடாது. தினமும் வைட்டமின் சி எடுப்பவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு எட்டு விழுக்காடு, சிறுவர்களுக்குப் பதினான்கு விழுக்காடு சீக்கிரம் விடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்ட கணக்கு இது. கொஞ்சம்தான், ஆனால் எல்டர்பெர்ரியின் கணக்கைவிட உறுதியானது.

போர்க்காலச் செய்முறையை நான் இன்றும் மாற்றவில்லை. 900 கிராம் காயை நறநறவென்று அரைத்து, அரைத்த கையோடு 1.7 லிட்டர் கொதிநீரில் போடவேண்டும். அரைத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் காயின் நொதிகளே சத்தைத் தின்றுவிடும். ஒரு கொதி வந்ததும் இறக்கிக் கால்மணி நேரம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். சக்கையை 850 மில்லி நீரில் மறுபடி கொதிக்கவிட்டு வடித்து, இரண்டையும் சேர்த்துச் சுண்டவைத்து 560 கிராம் சர்க்கரை. இரட்டைத் துணி கட்டாயம். காய்க்குள் இருக்கும் நுண்ணிய மயிர் தொண்டையையும் குடலையும் உறுத்தும். இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் அரிப்புப் பொடி என்று ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டு விளையாடினார்கள். சின்னப் புட்டிகளாக ஊற்றி வையுங்கள், திறந்தால் ஓரிரு வாரம்தான் தாங்கும்.

சர்க்கரை என்றதும் ஒன்று. நம்மவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கூடுதல். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் பாகு வேண்டாம். காயைப் பிளந்து விதையையும் மயிரையும் சுரண்டி எடுத்துவிட்டு உலர்த்தி வைத்துத் தேநீராகப் போடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் நிம்மதி.

ஹாதார்ன் பழம் இதயத்துக்கு நல்லது என்பார்கள். ஆய்வு நடந்ததெல்லாம் பெரும்பாலும் அதன் இலை, பூச் சாற்றில்தான். இதய மாத்திரை எடுப்பவர்கள் தாமாக முயல வேண்டாம். தவிர, ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் அந்தப் பழத்தை நம்பியே இங்கே வருகின்றன. நான் அவற்றுக்கே விட்டுவிடுகிறேன். ஸ்லோ துவர்ப்பு. ஜின் மதுவில் ஊறப்போட்டால் ருசி உண்டு, உடம்புக்கு என்று சொல்ல எதுவுமில்லை.

அடுத்து காரப்பொருள்கள். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் தைம் என்னும் மணமூலிகை வளர்க்கிறார்கள், இருமலுக்குத் தேநீர் போடுகிறார்கள். அதன் வாசனையை முதன்முதலில் முகர்ந்தபோது பாட்டியின் ஓமத்தண்ணீர் நினைவுக்கு வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: இரண்டுக்கும் மணம் தருவது தைமால் என்ற ஒரே பொருள்தான். ஆகவே ஓம டப்பா வீட்டில் இருக்கிறவர்கள் தைம் இல்லையே என்று ஏங்கவேண்டியதில்லை. நெஞ்சுச் சளிக்கும் இருமலுக்கும் நான் சுக்கைவிடத் தைமுக்கே முதலிடம் கொடுப்பேன்.

குளிர் எலும்பில் ஏறிய நாளில் மட்டும் சுக்குக்கு ஈடில்லை. 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்பதை நான் முழுக்க ஏற்கவில்லை என்றாலும், இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரச்சத்து, அதைவிடக் காரமான ஷோகால் என்பதாக மாறுகிறது. வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் அதே நரம்புமுனைகளைத்தான் அது தட்டி எழுப்புகிறது. பச்சை இஞ்சித் தேநீரில் கிடைக்காத கதகதப்பு சுக்கில் கிடைப்பது அதனால்தான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அளவோடு. பட்டை சேர்ப்பதென்றால் இலங்கைப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு வகை, அதைத் தினமும் நிறையப் போட்டால் கல்லீரலுக்கு நல்லதல்ல.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறைவெப்பத்திலும் கொடுத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள். தொண்டைவலி, குளிர் நடுக்கம், அசதி மூன்றும் சூடாகக் குடித்தவர்களுக்கு மட்டுமே உடனே தணிந்தன. விலை கொடுத்து வாங்கிய பாகைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரண்டியில் அப்படியே விழுங்குபவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும்.

வெயில் காணாத இந்த ஊரில் வைட்டமின் டியை மட்டும் இந்தப் பழங்கள் எதுவும் தராது; அதற்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரைதான், நம் நிறத்துக்கு ஆண்டு முழுவதும்.

நவம்பர் முதல் எங்கள் வீட்டுச் செம்பில் கொதிப்பது இது. தட்டிய சுக்கு ஒரு துண்டு, இரண்டு கிராம்பு பத்து நிமிடம் கொதிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கொத்து தைமும் ஒரு கைப்பிடி உலர்ந்த ரோஜாக் காயும் போட்டு மூடிவைப்பேன். கொதியில் போட்டால் வைட்டமின் சி வீணாகும். வடித்து, குடிக்கும் சூட்டுக்கு வந்ததும் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதால் அக்காவின் பேத்தி வரும் நாளில் தேன் குப்பி மேல்தட்டுக்குப் போய்விடும்.