தைபே பொருளாதார, கலாச்சார மையம், சென்னை: எதற்குப் போக வேண்டும், என்னென்ன கையில் இருக்க வேண்டும்

தைவானுக்குச் சென்னையில் தூதரகம் கிடையாது. இந்தியா 1950 முதல் பெய்ஜிங் அரசுடன்தான் தூதரக உறவு வைத்திருக்கிறது. அதனால் 1995-இல் புதுதில்லியிலும், 2012-இல் சென்னையிலும், 2024-இல் மும்பையிலும் 'மையம்' என்ற பெயரில் அலுவலகங்களைத் திறந்தார்கள். பெயரைப் பார்த்து நாட்டியக் கச்சேரி நடக்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். விசா, ஆவணச் சான்றொப்பம், கல்வி உதவித்தொகை எல்லாம் இங்கேதான்.

பொறுப்பில் இருப்பவர்கள் தைவான் வெளியுறவுத் துறையின் ராஜதந்திரிகள். 2024 ஜனவரியில் நௌரு உறவை முறித்தபின் தைவானை முறைப்படி ஏற்கும் நாடுகள் 12 ஆகச் சுருங்கின. ஆகவே அந்நாட்டு ராஜதந்திரி ஒருவருக்குப் பணிக்காலத்தில் பெரும்பகுதி 'தூதர்' என்ற பட்டம் இல்லாமல், இப்படிப்பட்ட மையங்களிலேயே கழியும். இந்தியப் பணி ஒதுக்குப்புறமும் அல்ல. 2013-இல் தில்லிக்குப் பிரதிநிதியாக வந்த தியன் சுங்-குவாங் பிறகு துணை வெளியுறவு அமைச்சரானார். ஶ்ரீபெரும்புதூரில் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கானின் ஆலை இருக்கும்போது சென்னை அலுவலகத்துக்கு வேலை குறையவும் வாய்ப்பில்லை.

முதலில், போகவே தேவையில்லாதவர்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி), ஜப்பான் போன்றவற்றின் விசா வைத்திருப்பவர்களும், அது காலாவதியாகிப் பத்து ஆண்டு தாண்டாதவர்களும் தைவான் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பயண அனுமதிச் சான்றிதழைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். 90 நாள் செல்லும். ஒவ்வொரு முறையும் 14 நாள் தங்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பும் டிக்கெட்டும் வேண்டும். அந்த 14 நாளை அங்கே போய் நீட்டிக்க முடியாது. மூன்று வாரப் பயிற்சிக்குப் போகிறவர் இதை நம்பினால் மாட்டிக்கொள்வார். அவர் முறையான விசாவே எடுக்க வேண்டும்.

விசா விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதில் பெரிய சிக்கல் இல்லை. மாணவர்கள் திண்டாடுவது ஆவணச் சான்றொப்பத்தில்தான். ஒரு நாட்டின் ஆவணத்தை அப்போஸ்டில் என்ற ஒரே சான்றோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் தைவான் இல்லை. ஆகவே பட்டத்தில் அப்போஸ்டில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். பட்டமும் மதிப்பெண் பட்டியலும் முதலில் மாநில அரசின் எச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன் (கல்விச் சான்றிதழ் உண்மையானது என்ற சான்றொப்பம்) பெற வேண்டும். அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம். கடைசியில் இந்த மையம். அமைச்சகம் நேரடியாகத் தாள் வாங்காது, அது அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். கொடுக்கும்போதே 'தைவானுக்கு' என்று சொல்லிவிடுங்கள். மையத்தின் கவுன்டரில் முந்தைய படி விடுபட்டது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். லேமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரை பதியாது. அப்படி வைத்திருப்பவர்கள் பல்கலைக்கழகத்தில் நகல் பட்டத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். பட்டத்தில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'சுப்பையா முருகன்'. சீன எழுத்தில் பெயர் எழுதும் நாட்டு அதிகாரிக்கு இவை இரண்டு ஆட்கள். அட்டெஸ்டேஷனுக்குப் போகும் முன்பே பெயரைச் சரிசெய்துவிடுங்கள். முத்திரைகள் விழுந்தபின் திருத்தினால் எல்லாம் வீண்.

படிக்கப் போகிறவர்களுக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். மார்பு எக்ஸ்ரே, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு தட்டம்மை, ரூபெல்லா எதிர்ப்பாற்றலுக்கும் சான்று கேட்பார்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தில் இரண்டும் சேர்ந்த எம்.ஆர். ஊசி 2017-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் அட்டையில் தட்டம்மை மட்டும் இருக்கலாம். லேப்பில் இரண்டுக்கும் ஐஜிஜி (எதிர்ப்பாற்றலைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்று தெளிவாகக் கேளுங்கள். ஐஜிஎம் எடுத்துத் தந்தால் அது இப்போதைய தொற்றைத்தான் சொல்லும், எதிர்ப்பாற்றலை அல்ல. சான்று மூன்று மாதமே செல்லும் என்பதால் அட்டெஸ்டேஷன் எல்லாம் முடிந்தபின் இதை எடுங்கள். முதலில் எடுத்து வைத்துவிட்டு, எச்.ஆர்.டி. தாமதத்தில் காலாவதியாக விடுவது வீண் செலவு.

தைவான் கல்வி அமைச்சின் உதவித்தொகைக்கு வழக்கமாக பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை விண்ணப்பிக்கலாம். பொங்கல் முடிந்ததும் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, தீபாவளிக்கு முன்பே மாநில அட்டெஸ்டேஷனை முடித்து வைத்துக்கொள்வது மேல்.

சேவையைப் பொறுத்தவரை எங்கள் மதிப்பீடு இதுதான்: தாள்கள் ஒழுங்காக இருந்தால் மாணவருக்கும் தொழில் பயணிக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். வெறும் சுற்றுலாவுக்கு, கையில் அமெரிக்க விசா இருந்தால், அங்கே போய் ஒரு நாளை வீணாக்க வேண்டாம். குடியிருப்பு விசாவில் போகிறவர்கள் தைவானில் இறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு இது 15 நாளாக இருந்தது, பழைய குறிப்புகளில் அப்படியே கிடக்கும். அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் போக வேண்டிய இடம் தைபேயில் இந்தியாவின் அலுவலகமான இந்திய–தைபே சங்கம். சென்னை மையம் அதில் எதுவும் செய்ய முடியாது.