மசல் லிப்சியின் ஸ்டர்லென்: எட்டு எட்டாய்த் தாவும் சின்ன நிரலுக்கு ஒரு மதிப்புரை

ஆல்பைன் லினக்ஸின் அடித்தளமாக இருக்கும் மசல் லிப்சி என்ற சி மொழி நூலகத்தில், ஸ்ட்ரிங்கின் (எழுத்து வரிசையின்) நீளத்தை அளக்கும் ஸ்டர்லென் ஃபங்ஷன் மொத்தமே சுமார் இருபது வரி. சாதாரணமாக எழுதினால் இரண்டு வரி போதும்: ஸ்ட்ரிங்கின் முடிவைக் குறிக்கும் பூஜ்ஜிய பைட் வரும்வரை ஒவ்வொன்றாக நகர், நகர்ந்த தூரத்தைக் கொடு. மீதிப் பதினெட்டு வரி வேகத்துக்காக. அந்தப் பதினெட்டு வரி தேவைதானா என்பதுதான் கேள்வி.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில், முகவரி 8-ஆல் (32 பிட் கணினியில் 4-ஆல்) மீதியின்றி வகுபடும் இடம் வரும்வரை பைட் பைட்டாக நகரும். அதிகபட்சம் 7 அடி. அடுத்து, 8 பைட்டை ஒரே வேர்டாக (செயலி ஒரே தடவையில் கையாளும் அளவு) படித்து, "இதற்குள் எங்காவது பூஜ்ஜியம் உண்டா" என்று ஒரே கணக்கில் பார்க்கும். உண்டு என்றால் அந்த எட்டுக்குள் மறுபடி பைட் பைட்டாகத் தேடி முடிக்கும்.

சாமர்த்தியம் முழுக்க நடுக்கட்டத்தில். வேர்டின் ஒவ்வொரு பைட்டிலும் 1 கழி. கிடைத்ததை, மூல வேர்டின் தலைகீழ் பிட்டுகளோடு (0 எல்லாம் 1, 1 எல்லாம் 0) ஆண்ட் செய்: இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 மிஞ்சும். கடைசியாக ஒவ்வொரு பைட்டின் உச்ச பிட்டை மட்டும் வைத்துக்கொள். பூஜ்ஜியம் கலக்காவிட்டால் விடை பூஜ்ஜியம். ஆலன் மைக்ராஃப்ட் 1987-இல் எழுதிக்காட்டிய பழைய வித்தை இது. கழிக்க வேண்டிய மாறிலியைக் கையால் எழுதாமல், 'வேர்டின் உச்ச மதிப்பு வகுத்தல் 255' என்று எழுதியிருப்பது அழகு; 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் தானே பொருந்திவிடுகிறது.

அந்தத் 'தலைகீழ்' ஏன் நடுவில் என்று சிலருக்குத் தோன்றும். எடுத்துவிட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டளை மிச்சமாகுமே என்று ஆசையும் வரும். 'தமிழ்' என்ற சொல்லையே ஓடவிட்டுப் பார்க்கலாம். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் அது 15 பைட். முடிவுப் பூஜ்ஜியத்தோடு 16, அதாவது சரியாக இரண்டு வேர்டு. முதல் வேர்டு 224, 174, 164, 224, 174, 174, 224, 174. எல்லாமே 128-க்கு மேல். 1 கழித்தாலும் உச்ச பிட் அப்படியே நிற்கும். தலைகீழ் ஆண்ட் இருந்தால் அந்தப் பிட்டுகள் அடிபட்டுப் போகும். இல்லாவிட்டால் எட்டு பைட்டும் "நான்தான் பூஜ்ஜியம்" என்று கை தூக்கும். நிரல் அங்கேயே கடைசிக் கட்டத்துக்கு இறங்கி, மிச்ச ஸ்ட்ரிங் முழுவதையும் ஒவ்வொரு பைட்டாகத் தேய்க்கும். கடைசி விடை 15 என்று சரியாகவே வரும் என்பதுதான் இதில் மோசம். யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆங்கில எழுத்தை மட்டும் வைத்து வேகம் அளந்தால் அங்கேயும் தெரியாது. தமிழும் இந்தியும் சீனமும் மட்டும் சத்தமில்லாமல் மெதுவாகிவிடும்.

இன்னொரு வரி, மே_அலையஸ் என்ற குறி; இந்தப் பாயின்டர் வேறு வகைத் தரவையும் சுட்டலாம் என்று கம்பைலருக்குச் சொல்வது. எழுத்து வரிசையை வேர்டு பாயின்டர் வழியாகப் படிப்பது சி தரப்படி விதிமீறல். லிப்சியைத் தனியாகக் கம்பைல் செய்து இணைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது; லிங்க் நேர ஆப்டிமைசேஷனில் எல்லாம் ஒன்றாகக் கலக்கும்போது, முன்னால் எழுதிய பைட்டுக்கும் இந்தப் படிப்புக்கும் தொடர்பில்லை என்று கம்பைலர் வரிசையை மாற்ற இடம் கிடைத்துவிடும். மசலின் பழைய பதிப்புகளில் இந்தக் குறி இல்லை. இப்போது ஜிசிசி வகைக் கம்பைலர் என்றால்தான் வேர்டுப் பாதையே திறக்கிறது. மற்றதெல்லாம் எளிய லூப்புக்குப் போகிறது. சரியான முடிவு.

ஸ்ட்ரிங் முடிந்த பிறகும் 7 பைட் வரை எட்டிப் பார்க்கிறதே, வெடிக்காதா? பேஜ் (நினைவகத்தை இயங்குதளம் பங்கிடும் துண்டு) அளவு 4096 பைட் என்றாலும் அதற்கு மேல் என்றாலும் 8-ஆல் வகுபடும்; அலைன் ஆன வேர்டு, அதாவது 8-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்குவது, இரண்டு பேஜில் கால் வைக்காது. ஆகவே சாதாரண வன்பொருளில் பாதுகாப்புதான். ஆனால் இதை உங்கள் நிரலுக்குள் ஒட்டினால், 6 பைட் மட்டும் மாலாக் செய்த (நினைவகம் கேட்டு வாங்கிய) 'hello'-வில், நினைவகப் பிழை பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசர் உடனே ஹீப் எல்லை மீறல் என்று நிறுத்தும். பைட் அளவில் எல்லை காக்கும் செரி வகைச் செயலிகளில் சானிடைசர் இல்லாமலே ட்ராப் விழும், அதாவது செயலியே நிறுத்திவிடும். லிப்சிக்குள் இருக்கட்டும், வெளியே எடுத்துப் போக வேண்டாம்.

கடைசிக் கட்டத்தைக் குறை சொல்லலாம். 'தமிழ்' உதாரணத்தில் இரண்டு வேர்டு சோதனைக்குப் பிறகும் 8 பைட் சோதனை மிச்சம். நேரடி லூப்புக்கு மொத்தமே 16. மூன்று நான்கு எழுத்துச் சொற்களில் லாபம் இல்லை, சில நேரம் நஷ்டம்கூட. கணக்கின் விடையில் கீழிருந்து முதல் பிட் எங்கே என்று எண்ணி 8-ஆல் வகுத்தால் இடம் நேராகத் தெரியுமே? முதல் பைட் வேர்டின் கீழ்முனையில் அமரும் லிட்டில் எண்டியனில் தெரியும். முதல் பைட் மேல்முனையில் அமரும் பிக் எண்டியனில் மேலிருந்து எண்ண வேண்டும். அங்கே பூஜ்ஜியத்துக்கு முந்தைய பைட் 1 ஆக இருந்தால், கீழே கடன் வாங்கியதால் அதுவும் பூஜ்ஜியமாகத் தோன்றி, நீளம் ஒன்று குறைந்து வரும். போதாக்குறைக்கு, பிட் எண்ணும் கட்டளை இல்லாத எளிய ரிஸ்க்-ஃபைவ் சில்லுகளில் அது ஒரு ஃபங்ஷன் அழைப்பாக மாறும். பழைய லூப்பே இருக்கட்டும் என்று விட்டதில் நியாயம் உண்டு.

எக்ஸ்86-64 செயலிகளில், பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி, ஏவிஎக்ஸ்2 (பல பைட்டை ஒன்றாகக் கையாளும் கட்டளைத் தொகுதி) அசெம்பிளியில் ஒரே வீச்சில் 32 பைட் பார்க்கிறது. நீண்ட ஸ்ட்ரிங்கில் மசல் அதற்கு ஈடில்லை. ஈடாக வேண்டும் என்று எழுதியதும் இல்லை. செயலிக்கு ஒரு கோப்பு என்று பராமரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சி கோப்பு என்பதுதான் பேரம்.

இதைத் திருத்தி அனுப்ப நினைப்பவர்கள் சோதிக்கும் முறை: எம்மேப் அழைப்பில் இயங்குதளத்திடம் அடுத்தடுத்த இரண்டு பேஜ் வாங்கி, இரண்டாவதைத் தொட முடியாதபடி எம்ப்ரொடெக்ட்டால் பூட்டுங்கள். முடிவுப் பூஜ்ஜியம் முதல் பேஜின் கடைசி பைட்டில் விழும்படி 0 முதல் 64 வரை ஒவ்வொரு நீளமும் வையுங்கள். பிறகு தொடக்க முகவரியை 0 முதல் 7 பைட் வரை பின்னோக்கி நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். நிரப்பும் பைட்டாக 1, 127, 128, 129, 255 ஐந்தும் வேண்டும். வேகத்தை 16-க்குக் கீழான நீளங்களுக்குத் தனியாகவும், 64, 4096 நீளங்களுக்குத் தனியாகவும் அளந்து போடுங்கள்; எல்லாவற்றையும் கலந்து ஒரே சராசரியாகக் கொடுத்தால் குட்டி ஸ்ட்ரிங்கின் நஷ்டம் அதற்குள் மறைந்துவிடும். அளவையில் யுடிஎஃப்-8 தமிழ்ப் பத்தி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.